இருப்பதா, பிரிவதா? பர்மா அரிசி சொல்லித் தந்த கணக்கு

காலபோக அறுவடை முடிந்து கண்டாவளை, முரசுமோட்டை, தருமபுரம் பகுதி வயல்களிலிருந்து நெல் மூடைகள் பரந்தன் – முல்லைத்தீவு வீதிக்கு வந்து சேரும் மாதங்களில், விவசாயியும் நெல் வாங்கும் வியாபாரியும் கேட்கும் முதற்கேள்வி ஒன்றுதான். இம்முறை வெளிநாட்டு அரிசி வருமா, வராதா? 2022 ஜனவரியில் மியன்மாரிடமிருந்து அரிசி வாங்குவதற்கு இலங்கை உடன்பாடு செய்தது. 2024 டிசம்பரில் தட்டுப்பாடு ஏற்பட்டபோது தனியார் அரிசி இறக்குமதி செய்ய அரசாங்கம் இடமளித்தது. கிலோ ஒன்றுக்கு 65 ரூபா வரியும் விதித்தது. கனகராயன் ஆற்றுத் தண்ணீர் பாயும் மண்ணில் விளைந்த நெல்லின் விலை, கண்டாவளைக்காரர் ஒருவரும் கண்டிராத ஏதோவொரு துறைமுகத்தில் பாதியும், கொழும்பில் உள்ள ஓர் அமைச்சில் மீதியுமாகத் தீர்மானிக்கப்படுகிறது.

ஒரு காலத்தில் அந்தத் துறைமுகத்தின் பெயர் ரங்கூன். இன்றைய யாங்கூன்தான் அது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் இலங்கையர் உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கப்பலில் வந்தது. அதில் பெரும்பகுதி பர்மா அரிசி. அந்தப் பர்மா அப்போது தனிநாடு அல்ல, பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணம். இந்தியாவோடு இருப்பதா, பிரிவதா என்று அந்த மக்கள் 1930களில் பல ஆண்டுகள் வாதாடினார்கள். தேர்தல் ஒன்றையே அந்தக் கேள்வியின் மீது நடத்தினார்கள்.

இப்போது இதை ஏன் கிளற வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். 2016 ஜூன் 23 இல் பிரித்தானிய மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதற்கு 51.9 வீதத்தினரும், வெளியேறக் கூடாதென்று 48.1 வீதத்தினரும் வாக்களித்தார்கள். அந்த வாக்குவாதம் இன்னும் அங்கே ஓயவில்லை. வெளியேறியதால் இலாபமா, நட்டமா என்று நமது ஏற்றுமதியாளர்களும் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஓர் அரசியல், வர்த்தகக் கூட்டிலிருந்து ஒரு நாடு விலகும்போது உண்மையில் எது மாறுகிறது, யாருக்கு மாறுகிறது என்பதை விளங்கிக்கொள்ள, பிரெக்ஸிட்டை விட நமக்கு நெருக்கமான பாடம் பர்மாதான். அங்கே இழந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசியவர்கள். அவர்களில் கணிசமானோர் முஸ்லிம்கள்.

ஒரே நாணயம், ஒரே சுங்கம்

1824 முதல் 1885 வரை நடந்த மூன்று யுத்தங்களில் பர்மாவைத் துண்டு துண்டாகக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அதை இந்தியாவோடு சேர்த்துவிட்டார்கள். நாணயம் இந்திய ரூபா. சட்டம் இந்தியச் சட்டம். கல்கத்தாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ ரங்கூனுக்குச் சரக்கு அனுப்பினால் இறக்குமதித் தீர்வை கிடையாது. ஆள் போவதற்குக் கடவுச்சீட்டும் வேண்டாம். கப்பற் கட்டணம் இருந்தால் போதும்.

இதன் விளைவாக உருவான சந்தையைப் பாருங்கள். ஐராவதி ஆற்றின் கழிமுகச் சதுப்பு நிலங்கள் வயல்களாகி, உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாகப் பர்மா ஆனது. அந்த அரிசியை நிரப்பச் சாக்கு கல்கத்தாவிலிருந்து போனது. ரயில் ஓட நிலக்கரி வங்காளத்திலிருந்து போனது. துணி பம்பாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் போனது. பதிலுக்கு அரிசியும் தேக்கும் மண்ணெண்ணெயும் இந்தியாவுக்கு வந்தன. துறைமுகத்தில் மூடை தூக்கியவர்கள் தெலுங்கர்கள். விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். கடைவீதிகளில் குஜராத்தி முஸ்லிம்களும், சூலியா முஸ்லிம்கள் என்று அழைக்கப்பட்ட தமிழ்நாட்டு முஸ்லிம்களும் வியாபாரம் செய்தார்கள். ஆதம்ஜீ ஹாஜி தாவூத் ரங்கூனில் தீப்பெட்டித் தொழிற்சாலை வைத்திருந்தார். 1931 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பர்மாவில் 10 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட இந்தியர்கள் வாழ்ந்தார்கள். நான்கு இலட்சம் பேர் கொண்ட ரங்கூன் நகரில் பாதிக்கு மேல் இந்தியர்களே. பர்மாவின் தலைநகரில் பர்மியர் சிறுபான்மையினராக இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையைப் படித்தால், பின்னால் நடந்தது விளங்காது.

இந்திய முஸ்லிம்கள் பலர் அங்கேயே பர்மியப் பெண்களை மணந்தார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளை ஸெர்பாதிகள் என்றார்கள். பர்மிய மொழி பேசி, பர்மியச் சாப்பாடு சாப்பிட்ட இவர்கள் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள் என்ற கேள்வி பிரிவினை விவாதம் வரும்வரை பெரிதாக எழவில்லை.

பிரிய விரும்பியவர்களின் கணக்கு

பிரிவினை கோரியவர்களை வெறும் இனத்துவேஷிகள் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அவர்கள் கையில் ஒரு வர்த்தகக் கணக்கு இருந்தது. அதை நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

ஒரு கூட்டுச் சந்தை என்றால் உள்ளே தீர்வை இல்லை, வெளியே ஒரே தீர்வை. 1920களிலிருந்து இந்திய அரசாங்கம் இந்திய உருக்கு, துணி, சீனி ஆகிய கைத்தொழில்களைப் பாதுகாக்க வெளிநாட்டுப் பொருள்கள் மீது தீர்வையை உயர்த்திக்கொண்டே போனது. பர்மாவில் அந்த அளவுக்கு ஆலைகள் இல்லை. ஆகவே மலிவான யப்பானியத் துணியை வாங்கக்கூடிய பர்மிய விவசாயி, பம்பாய் ஆலைமுதலாளிக்காகக் கூடுதல் விலை கொடுத்தார். சுங்க வருமானமும் வருமான வரியும் மத்திய அரசாங்கத்துக்குப் போயின. நாம் கொடுப்பது அதிகம், பெறுவது குறைவு என்றார்கள் பிரிவினைவாதிகள். பிரசல்ஸுக்கு அனுப்பும் பணத்தைப் பற்றி 2016 இல் பஸ் வண்டியொன்றில் எழுதி ஊரெல்லாம் ஓட்டினார்களே, அதே வாதம்தான்.

அடுத்தது கடன். வங்கிகளிடமிருந்தும் தமது சொந்த மூலதனத்திலிருந்தும் நகரத்தார் பணம் திரட்டி, கிட்டங்கிகள் மூலம் ஊரூராகக் கடன் கொடுத்தார்கள். விதைப்புக்கு முன் வாங்கி, அறுவடையில் திருப்பிக் கொடுப்பது வழக்கம். ஈடு, காணி உறுதி. கண்டாவளை விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை. உரத்துக்கும் உழவுக்கும் கடன்பட்டு, அறுவடையன்று கடன்காரன் சொல்லும் விலைக்கு நெல்லைக் கொடுக்கும் நிலை இன்றும் இருக்கிறது. உலகப் பொருளாதார மந்தம் 1930 இல் வந்தபோது நெல் விலை சரிந்தது. வாங்கிய கடன் அப்படியே நின்றது. பர்மாவின் 13 பிரதான நெல் மாவட்டங்களில் நகரத்தாருக்குச் சொந்தமான விவசாய நிலம் 1930 இல் 6 வீதமாக இருந்தது, 1930களின் இறுதியில் 25 வீதமாகியது. அவர்கள் நிலம் வேண்டும் என்று வந்தவர்கள் அல்லர். பணம் திரும்பி வராததால் நிலம் கையில் விழுந்தது. ஆனால் நிலத்தை இழந்த பர்மியனுக்கு இந்த வேறுபாட்டால் என்ன பயன்?

கூலிச் சந்தையிலும் இதே பகைமைதான். 1930 மே மாதத்தில் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பர்மியரை அமர்த்தினார்கள். வேலைநிறுத்தம் தீர்ந்ததும் பர்மியரை நிறுத்தினார்கள். அதிலிருந்து மூண்ட கலவரத்தில் பல இந்தியர்கள் கொல்லப்பட்டார்கள்.

இருக்க விரும்பியவர்களின் கணக்கு

வியப்பான விடயம் என்னவென்றால், இவ்வளவு குறைகள் இருந்தும் பர்மிய வாக்காளர்கள் பிரிவினைக்கு வாக்களிக்கவில்லை.

1930 இல் சைமன் ஆணைக்குழு பர்மாவைப் பிரிக்கச் சிபாரிசு செய்தது. உடனே பர்மியர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஆங்கிலேயனே பிரியச் சொல்கிறான் என்றால் அதில் அவனுக்கு ஏதோ இலாபம் இருக்க வேண்டும்! காந்தியும் காங்கிரஸும் போராடி இந்தியாவுக்கு சுயாட்சி வாங்கும்போது, தனித்து விடப்பட்ட பர்மா ஒரு முடிக்குரிய குடியேற்ற நாடாகவே தேங்கிவிடும் என்று அஞ்சினார்கள். ஸாயா ஸான் கிளர்ச்சி வழக்கில் வாதாடிப் பெயர் பெற்ற சட்டத்தரணி டாக்டர் பா மோ, பிரிவினை எதிர்ப்பு அணியின் தலைவர்களில் ஒருவரானார். உ ஒத்தமா என்ற பௌத்த பிக்கு போன்றவர்களும் இந்தியாவோடு நிற்பதையே ஆதரித்தார்கள். மறுபக்கம் உ பா பே தலைமையில் பிரிவினை அணி.

ரங்கூனிலிருந்த இந்திய வர்த்தகர்கள் இயல்பாகவே பிரிவினையை எதிர்த்தார்கள். அவர்களது பணம்தான் பா மோவின் அணியை நடத்துகிறது என்று எதிரணி குற்றஞ்சாட்டியது. அதில் எவ்வளவு உண்மை என்பது ஒருபுறமிருக்க, வர்த்தகர்களுக்கு அந்த நட்பு தந்த தைரியம் பின்னால் அவர்களுக்கே பாதகமாக முடிந்தது என்பதே எனது கணிப்பு. ஏனெனில் பா மோவின் அணி இந்தியாவை விரும்பியதால் இருக்க நினைக்கவில்லை. கூட்டாட்சியில் சேர்வோம், வேண்டிய நேரத்தில் விலகும் உரிமையோடு சேர்வோம் என்பதே அவர்கள் நிலைப்பாடு. அது ஒரு பேரம்.

பிரித்தானியப் பிரதமர் ராம்சே மக்டொனால்ட் 1932 ஜனவரியில் கதவை அடைத்தார். ஒன்று, பிரிந்து போங்கள். அல்லது, இந்தியக் கூட்டாட்சியில் நிரந்தரமாகச் சேருங்கள். நினைத்த நேரத்தில் விலகும் உரிமை கிடையாது என்றார். அந்த ஆண்டு நவம்பரில் தேர்தல் நடந்தது. தெரிவான 80 ஆசனங்களில் பிரிவினை எதிர்ப்பு அணிகளுக்கு 42, பிரிவினை அணிக்கு 29, நடுநிலையாளருக்கு 9. ‘வேண்டாம்’ என்று மக்கள் சொல்லிவிட்டார்கள். எதை வேண்டும் என்று சொன்னார்கள்? அது எவருக்கும் விளங்கவில்லை. டிசம்பரில் சட்டசபை நிறைவேற்றிய தீர்மானம், தரப்பட்ட நிபந்தனைகளில் பிரிவதையும் நிராகரித்தது, நிரந்தரமாகச் சேர்வதையும் நிராகரித்தது. 1933 இல் கூட்டிய விசேட அமர்வு வாக்கெடுப்பு இல்லாமல் பேச்சிலேயே முடிந்தது. பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்குப் பிறகு 2019 மார்ச்சில் பிரித்தானிய நாடாளுமன்றம் எட்டுத் தெரிவுகளை ஒரே நேரத்தில் வாக்குக்கு விட்டு எட்டையும் தோற்கடித்ததே, ஞாபகம் இருக்கிறதா?

சபையால் முடிவெடுக்க முடியாதபோது, அதிகாரம் உள்ளவன் முடிவெடுப்பான். லண்டன் முடிவெடுத்தது. 1935 ஆம் ஆண்டு பர்மா அரசாங்கச் சட்டம் நிறைவேறியது. 1937 ஏப்ரல் முதலாம் திகதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. புதிய பர்மாவின் முதற் பிரதமர் யார்? பிரிவினையை எதிர்த்த அதே பா மோ. 132 ஆசனங்களில் 16 ஐ மட்டுமே வைத்திருந்த கட்சியோடு கூட்டணி அமைத்து அவர் பதவிக்கு வந்தார். வெளியேறக் கூடாதென்று வாக்களித்த தெரேசா மே அம்மையார் வெளியேற்றத்தை நடத்தப் பிரதமரானது போலத்தான்.

ஒன்றுமே மாறாத மூன்று வருடங்கள்

வர்த்தகர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான். பிரிந்த மறுநாள் ரங்கூன் கடைத்தெருவில் எதுவும் மாறவில்லை.

வர்த்தக ஒழுங்கு கட்டளை ஒன்றின் மூலம், இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் இடையே பழைய நிலையே குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குத் தொடரும் என்று ஏற்பாடு செய்தார்கள். தீர்வை இல்லாத வர்த்தகம் அப்படியே நடந்தது. ஆட்கள் வருவது போவதற்கும் அதுபோலவே இடைக்கால ஏற்பாடு. இந்திய ரிசர்வ் வங்கியே பர்மாவுக்கும் நாணயம் வெளியிட்டது. பர்மாவில் மட்டுமே செல்லுபடியாகும் என்று அச்சிட்ட ரூபாத் தாள்கள் புழக்கத்துக்கு வந்தன. இந்திய அரசாங்கக் கடனில் பர்மா ஏற்க வேண்டிய பங்கை ஏற்கெனவே லியோ அமெரி தலைமையிலான ஒரு தீர்ப்புக்குழு ஆராய்ந்திருந்தது. பிரெக்ஸிட்டின் ‘விவாகரத்துக் கட்டணம்’ போன்றதொரு கணக்கு அது.

(நாணய விடயத்தில் நாமும் சிரிக்க முடியாது. இலங்கை ஒருபோதும் அந்த இந்தியாவின் மாகாணமாக இருக்கவில்லை. 1796 இல் ஆங்கிலேயர் கரையோரத்தைப் பிடித்த பிறகு சென்னையிலிருந்து சில வருடங்கள் ஆண்டதும், சென்னையிலிருந்து வந்த வரி அதிகாரிகளுக்கு எதிராக 1797 இல் மக்கள் கிளர்ந்ததும், 1802 இல் இலங்கை தனிக் குடியேற்ற நாடானதும் வேறு கதை. இருந்தும் நமது ரூபா, 1950 இல் மத்திய வங்கி வரும்வரை இந்திய ரூபாவோடு கட்டுண்டே இருந்தது.)

மூன்று வருட அவகாசம் என்பது தயாராவதற்குத் தரப்படுவது. பலர் அதை, ஆபத்து நீங்கிவிட்டது என்பதற்கான அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். ஆபத்து சுங்கச்சாவடியில் இருக்கவில்லை. 1938 ஜூலையில், பர்மிய முஸ்லிம் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய புத்தகம் ஒன்றைக் காரணங்காட்டிப் பத்திரிகைகள் ஆத்திரமூட்ட, ரங்கூனில் தொடங்கிய கலவரம் நாடெங்கும் பரவியது. முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. விசாரித்த குழு, புத்தகம் வெறும் தீக்குச்சி, எரிந்த விறகு வேறு என்ற கருத்திலேயே அறிக்கை தந்தது. நிலம் கைமாறியது, இந்தியர் குடிவரவு, கலப்புத் திருமணம் ஆகியவற்றையே அது அடிப்படைக் காரணங்களாகக் கண்டது. தாக்கியவர்கள் ஸெர்பாதிகளை இந்தியர்களிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இடைக்காலம் முடிந்ததும் 1941 இல் இரண்டு உடன்படிக்கைகள் வந்தன. வர்த்தக உடன்படிக்கை மென்மையானது. தீர்வை விதிக்கும் உரிமையைப் பர்மா பெற்றது, ஆயினும் இருபக்கப் பண்டங்களுக்கும் சலுகை இருந்தது. மற்றது குடிவரவு உடன்படிக்கை. அது கடுமையானது. பர்மாவுக்குப் போக அனுமதிப்பத்திரம், கட்டணம், தங்கும் கால எல்லை என்று வந்தது. காந்தியே அதைக் கண்டித்து அறிக்கை விட்டார். சரக்கு போகலாம், ஆள் போவது கஷ்டம் என்பதுதான் மொத்தத்தில் அதன் பொருள். ஆனால் ஆளை நம்பித்தான் அந்தச் சரக்கே ஓடியது. கணக்கப்பிள்ளை மூன்று வருடத்துக்கொருமுறை ஊருக்குப் போய், அவருக்குப் பதிலாக மருமகனோ மச்சானோ வருவதுதான் ரங்கூன் கடைகளின் நிர்வாக முறை. அந்தக் கயிற்றை அறுத்தால் தீர்வை இல்லாமல் இருந்தும் என்ன பயன்?

அந்த உடன்படிக்கை அமுலாவதற்கு முன் யுத்தம் வந்துவிட்டது.

கூப்பன் அரிசி

1942 மார்ச்சில் யப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கப்பலிலும், அதைவிட அதிகமாகக் காட்டு வழியே கால்நடையாகவும் இந்தியாவுக்குத் தப்பினார்கள். வழியில் பசியாலும் காய்ச்சலாலும் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். இலங்கையில் அரிசி நின்றது. கூப்பன் வந்தது. கோதுமை மா நமது சாப்பாட்டில் நிலையான இடம்பிடித்ததும் அந்தத் தட்டுப்பாட்டின் விளைவுதான். பாண் சாப்பிடும்போது இதை யாரும் நினைப்பதில்லை.

உலர்வலயத்தில் நெல் விளைவிக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேற்றங்கள் தொடங்கியிருந்தன. இரணைமடுக் குளம் அதற்கும் முந்தியது. ஆனால் பர்மா அரிசி நின்றுபோன அனுபவத்துக்குப் பிறகு அது வெறும் விவசாயக் கொள்கையாக இல்லாமல், வயிற்றுப் பிரச்சினையாக மாறியது. சுதந்திரத்துக்குப் பின்னர் வன்னியில் குளங்களைப் பெருப்பித்ததும், காடு வெட்டிக் குடியேற்றியதும், 1952 இல் சீனாவுடன் இறப்பர் – அரிசி உடன்படிக்கை செய்ததும் ஒரே அச்சத்தின் இரண்டு முகங்கள். ஒரேயொரு சந்தையை நம்பியிருந்த நாடு பட்ட சூடு அது. இன்று கண்டாவளையில் விளையும் நெல்லுக்கும் ரங்கூனுக்கும் உள்ள உறவு இப்படித்தான் வருகிறது.

யுத்தம் முடிந்து பல இந்தியர்கள் திரும்பிப் போனார்கள். கடை இருந்தது, காணி உறுதி இருந்தது, நிலுவை இருந்தது. 1948 ஜனவரியில் பர்மா சுதந்திரமடைந்தது. அதே வருடம் நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டமும், புதிய குடியுரிமைச் சட்டமும் வந்தன. நகரத்தாரின் உறுதிகள் வெறும் கடதாசியாயின. ஆனாலும் கடைக்காரர்கள் தாக்குப் பிடித்தார்கள். 1962 இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருடங்களில் வங்கி, மொத்த வியாபாரம், சில்லறைக் கடை எல்லாம் அரசுடைமையாயின. 1964 மே மாதத்தில் 50, 100 கியாத் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார்கள். சுமார் மூன்று இலட்சம் இந்தியர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் 1969 இல் உருவானது அவர்களுக்காகத்தான். ரங்கூனில் மாடிக்கடை வைத்திருந்தவரின் மகன் அங்கே நடைபாதையில் பெட்டிக்கடை போட்டார்.

பிரிவினை நடந்தது 1937 இல். கடை போனது 1964 இல். இடையே 27 வருடங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சுங்கத் தீர்வையைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடந்தது, ஓரளவு நல்ல ஏற்பாடும் கிடைத்தது. தங்கும் உரிமை, குடியுரிமை, காணி உரிமை ஆகிய மூன்றையும் பற்றி உறுதியான ஏற்பாடு எந்தக் கட்டத்திலும் கிடைக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமது மக்களுக்கு, கடைச்சாவி கையில் இருந்தும் கடை இல்லாமல் போவது என்றால் என்னவென்று சொல்லித் தரத் தேவையில்லை.

லண்டனில் இப்போது

இந்தக் கண்ணால் பிரெக்ஸிட்டைப் பார்த்தால் சில விடயங்கள் தெளிவாகும். பிரித்தானியா 2020 ஜனவரி 31 இல் ஒன்றியத்தை விட்டு விலகியது. அந்த வருட இறுதிவரை இடைக்கால ஏற்பாடு. கடைசி நாட்களில், டிசம்பர் 24 இல், வர்த்தக உடன்படிக்கை கைகூடியது. தீர்வை இல்லை, கோட்டா இல்லை என்று பெருமையோடு அறிவித்தார்கள். உண்மைதான். மாறியது ஆட்களின் நிலை. ஜேர்மனியிலும் ஒல்லாந்திலும் பிரான்ஸிலும் குடியுரிமை பெற்றபின், பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகவும் உறவினருக்காகவும் பிரித்தானியாவுக்கு இடம்மாறிய இலங்கைக் குடும்பங்கள் ஏராளம். வன்னியில் இப்படி உறவினர் இல்லாத ஊர் குறைவு. 2020 இறுதிக்கு முன் போனவர்கள் விண்ணப்பித்துத் தங்கும் உரிமையைப் பெற்றார்கள். அதற்குப் பிறகு போக விரும்புபவர், ஐரோப்பியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், விசா எடுக்க வேண்டும்.

ஆசிய உணவக உரிமையாளர்களில் ஒரு பகுதியினர் 2016 இல் வெளியேற்றத்தை ஆதரித்தார்கள். ஐரோப்பியர் வருவது குறைந்தால் நமது நாடுகளிலிருந்து சமையற்காரர்களை எடுக்க இடம் கிடைக்கும் என்று பிரசாரகர்கள் ஆசைகாட்டியிருந்தார்கள். எதிர்பார்த்தபடி கதவு திறக்கவில்லை. ஏமாற்றப்பட்டோம் என்று அவர்களே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்கள். பா மோவின் அணியை நம்பிய ரங்கூன் வர்த்தகர்களின் ஞாபகம் வருகிறது. ஒரு பெரிய வாக்குவாதத்தில் வேறொருவரின் அணியில் ஏறிக்கொள்பவர், அந்த அணி எதற்காக நிற்கிறது என்பதைக் கேட்டறிய வேண்டும். தாம் விரும்புவதற்காகத்தான் அது நிற்கிறது என்று நினைத்துக்கொள்வது சுலபம்.

நமது பக்கத்துக்கு வந்தால், ஆடை ஏற்றுமதிதான் முக்கியம். கிளிநொச்சியின் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு மாவட்டத்தின் கிராமங்களிலிருந்து அதிகாலையில் பஸ்ஸில் போகும் பெண் பிள்ளைகளின் சம்பளம், இந்த இரு சந்தைகளோடு கட்டுண்டது. 2010 ஓகஸ்ட்டில் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையை இழந்து, 2017 மே மாதத்தில் இலங்கை திரும்பப் பெற்றது. அப்போது பிரித்தானியாவும் அதற்குள் அடக்கம். ஒரே கோப்பு, ஒரே விதி. இப்போது கோப்பு இரண்டு. பிரித்தானியா 2023 ஜூனில் வளர்முக நாடுகளுக்கான தனது சொந்த வர்த்தகத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் இலங்கைக்குச் சலுகை தொடர்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நடப்பு ஜீ.எஸ்.பி. ஒழுங்குவிதி 2027 டிசம்பர் வரை நீடிக்கப்பட்டிருக்கிறது.

வேறுபாடு எங்கே என்றால், ‘மூலவிதி’ எனப்படும் விடயத்தில். துணி எங்கே நெய்யப்பட்டது, சட்டை எங்கே தைக்கப்பட்டது என்று பார்த்து, அது இலங்கைப் பொருள்தானா என்று தீர்மானிப்பது மூலவிதி. அதில் தேறாத ஆடைக்குச் சலுகை கிடையாது. ஐரோப்பாவில் சாதாரணத் தீர்வை 12 வீதம் வரை கட்ட வேண்டும். நாம் துணியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து எடுப்பதால் இதில் அடிக்கடி சறுக்குகிறோம். ஆடைகளுக்கான இந்த விதியைத் தளர்த்தப் போவதாகப் பிரித்தானியா 2025 ஜூலையில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி வேறு. ஆகவே லண்டனுக்குத் தேறும் அதே சட்டை பாரிஸுக்குத் தேறாமல் போகலாம்.

இன்னொன்று. முன்பு பிரித்தானியக் களஞ்சியத்தில் இறக்கிய நமது ஆடையை அங்கிருந்தே டப்ளினுக்கு அனுப்பினால் யாரும் கேட்பதில்லை. 2021 ஜனவரி முதல் அது எல்லை தாண்டும் சரக்கு. தீர்வை இல்லை என்ற உடன்படிக்கை பிரித்தானியாவில் உற்பத்தியான பொருளுக்குத்தான். கிளிநொச்சியில் தைத்த சட்டை பிரித்தானியப் பொருளும் அல்ல. அது டப்ளினுக்குள் நுழையும்போது மீண்டும் தீர்வை கேட்கிறார்கள். எனவே இப்போது வாங்குபவரோடு விலை பேசும்போது, சரக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்கும், எந்த நாட்டில் விற்கப்படும் என்ற இரண்டையும் கட்டளைப் பத்திரத்தில் எழுதி வாங்க வேண்டியிருக்கிறது.